கிரீஸ் ராணியின் இலைப் பாவாடை

"பாத்தது யாரு?"

எதைச் சொன்னாலும் அந்த அக்கா முதலில் கேட்பது இதுதான். சாயங்காலம் மழை வருமாம் என்றாலும் கேட்பார், எடப்பாடி பஸ் போய்விட்டதாம் என்றாலும் கேட்பார். கீழே டீக்கடையிலிருந்து டீ கொண்டு வருகிறவர் "சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்குதுங்கக்கா" என்று கிளாஸை வைத்தால் அவரையும் விடமாட்டார். "பாத்தது யாரு? நீங்களே போட்டு நீங்களே சொன்னா ஆச்சா?" கிண்டல் மாதிரி இருக்கும். முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பார்.

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவருடைய வேஷத் துணிக் கடை. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு வாடகைக்குக் கொடுப்பார். தையும் மாசியும் சீசன். நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் வரைக்கும் இருக்கிற பள்ளிகள் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கும். உள்ளே பாரத மாதாவும் தக்காளியும் ஒரே கம்பியில் தொங்குவார்கள். அதற்குப் பின்னால் ராஜாக்கள், சிப்பாய்கள், கிளிகள், இரண்டு யானைத் தலைகள். ஐரோப்பிய ராணிகளின் கவுன்கள் எல்லாம் பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையிலிருந்து வந்தவை. நெய்யும்போது கறை விழுந்து ஒதுக்கிய சேலைகளைச் சல்லிசாக வாங்கி வந்து, கரையை உள்பக்கமாக மடித்துத் தைத்திருப்பார். கிரீஸ் ராணியின் கவுனைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே மயில் கரை ஓடும்.

வாடகைக்குப் போகிற ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு அனுப்புவார். கொக்கி இருந்தால் கொக்கியின் மேல், நாடா இருந்தால் இரண்டு நாடாவையும் சேர்த்து. அதை அறுக்காமல் அந்தத் துணியை உடுத்த முடியாது. விழா முடிந்து வந்து, "இத நாங்க போடவே இல்லைங்க" என்று வாடகையைக் குறைக்கச் சொல்கிற பள்ளிகள் உண்டு. அக்கா வாய்ச்சண்டைக்குப் போக மாட்டார். துணியை விரித்து நூலைப் பார்ப்பார். அவர் கேட்கிற கேள்விக்குச் சாட்சி சொல்ல அவரே வைத்த ஆள் அந்த நூல்.

என்னையும் அவர் முதல் நாள் நம்பவில்லை. நான் அப்போது நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆண்டு விழாத் துணி விவகாரம் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். கடைக்குள் நுழைந்ததும் அக்கா நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமல் நின்றேன். அதுதான் அவருக்குச் சந்தேகம். வாத்தியார் என்றால் இந்நேரம் உட்கார்ந்து ஃபேனைப் போடச் சொல்லியிருக்க வேண்டுமாம். என் எதிரிலேயே பள்ளிக்கு போன் போட்டு அங்க அடையாளம் கேட்டார். "கறுப்பா, ஒல்லியா, கோடு போட்ட சட்ட. உங்க ஆளுங்களா?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்பா எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். யாராவது "சார்" என்றால் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்த காலம் அது. அந்த அக்கா என்னைச் "சார்" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அது மரியாதைக்கு இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் நம்புகிற ஆட்கள் எல்லாரும், டீ கொண்டு வருகிறவர் உட்பட, "சாமி". சந்தேகத்தில் இருக்கிறவர்கள் "சார்".

அவருடைய சந்தேகம் எல்லா நேரமும் சரியாக இருக்காது. ஒரு முறை ஒரு கிரீடத்தை நாங்கள் மாற்றிக் கொண்டுவந்துவிட்டதாகப் பிடித்துக்கொண்டார். கல்லின் நிறம் வேறாம். நான் சத்தியம் பண்ணாத குறை. கடைசியில் அந்தக் கிரீடம் அவருடைய தையல் மெஷினுக்கு அடியிலேயே கிடந்தது. எங்களுக்குக் கொடுத்து அனுப்பியதே வேறொன்று. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. குனிந்து எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு, "அதுதானா இதுன்னு பாக்கணும்" என்று சொல்லி உள்ளே வைத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வருடம் எங்கள் பள்ளியின் பெரிய நிகழ்ச்சி 'நாகரிகத்தின் பாதை'. பள்ளியில் பல வருடமாகக் கைமாறி வந்த வசனம். கிரீஸில் அறிவு பிறக்கும். ரோமில் சட்டம் பிறக்கும். பிறகு மேடை விளக்கு அணைந்து, "உலகம் இருளில் மூழ்கியது" என்று ஒரு குரல் வரும். மறுபடி ஐரோப்பாவில் ஒரு விளக்கு ஏற்றப்படும். கடைசிக் காட்சியில் கப்பலில் வருகிற துரை அந்த விளக்கைக் கொண்டுவர, இலை கட்டியவர்கள் ஓடி வந்து மண்டி போட்டு வாங்கிக்கொள்வார்கள். வாங்கியதும் தேசியக் கொடி ஏறும். ஜனங்கள் கைதட்டுவார்கள்.

அக்கா துணி எடுத்து வைக்கும் முன் கதையைச் சொல்லச் சொல்வார். வேஷம் எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் ஆடும், தரையில் உருளுமா என்று தெரிந்தால்தான் எந்தத் துணி கிழியும் என்று தெரியுமாம். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"இந்த எலைக்காரங்க மூணு எடத்துல வாராங்களே, யாருங்க இவங்க?"

"மொதல்ல வாரது கற்கால மனுசங்க. நடுவுல ஆப்பிரிக்கா. கடைசில..." எனக்கே நாக்கு இழுத்தது. "நம்ம ஆளுங்க."

"மூணு பேரும் ஒரே ஆளுங்களா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. கிரீஸ், ரோம் பக்கத்து ஆட்கள் காட்சிக்குக் காட்சி எத்தனை துணி மாற்றுகிறார்கள், இவர்கள் மட்டும் ஆதியில் கட்டின இலையோடு கடைசி வரைக்கும் நிற்கிறார்களே என்றார். இருட்டுக் காட்சியைப் பற்றியும் கேட்டார். உலகம் முழுக்கவா இருட்டு? பாத்தது யாரு? புத்தகத்தில் இருக்கிறது என்றேன். எழுதினது யாரு? ஐரோப்பிய அறிஞர்கள் என்றேன்.

"அவிங்க ஊட்டுல கரண்டு போனதுக்கு ஊருக்கே போயிருச்சுன்னு எழுதிக்கிட்டாங்களாக்கும்" என்று சொல்லி, இலைப் பாவாடைகளை எண்ணப் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம். அவர் மேல்தான். புத்தகத்தில் இருப்பதைச் சந்தேகப்பட என்னை யாரும் பழக்கவில்லை. அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்குத் தறிக்கு நூல் தார் சுற்றுவது, எனக்குப் புத்தகம். அது பொய் என்றால் எங்கள் வீட்டுக்கு நான் கொண்டு வந்ததுதான் என்ன? ஆனால் ராசிபுரம் தாண்டுவதற்குள் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. அந்த "இருண்ட" நூற்றாண்டுகளில்தான் இங்கே ஏரி வெட்டினார்கள், கற்கோயில் எழுப்பினார்கள், கடல் தாண்டி வியாபாரம் போனார்கள். அது எனக்குத் தெரியாததில்லை. கல்லூரியில் இந்திய வரலாறு ஒரு தாள், உலக வரலாறு ஒரு தாள். இரண்டிலும் நல்ல மார்க் வாங்கினவன் நான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அளவெடுக்க அவர் பள்ளிக்கு வந்த நாள்தான் விஷயம் முற்றியது. டான்ஸ் மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிரேக்க வரிசையிலிருந்து ஆரம்பித்தார். முன்னால் ராணியாக எங்கள் தாளாளரின் பேத்தி. பாதி வரிசையில் நின்று திரும்பி, கடைசியில் இருந்த இலை வரிசையைப் பார்த்தார். மறுபடி இந்த வரிசையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். சிவந்த பிள்ளைகள் எல்லாரும் கிரீஸிலும் ரோமிலும் நின்றார்கள். கறுத்த பிள்ளைகள் எல்லாரும் இலையில்.

டான்ஸ் மாஸ்டர் ஒளிக்கவே இல்லை. "மேக்கப் மிச்சம்ங்க" என்றார்.

இலை வரிசையில் எங்கள் வேன் டிரைவரின் மகள் இருந்தாள். நன்றாக ஆடுகிற பிள்ளை. அக்கா அவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டுக்கொண்டே, இந்த வேஷம் நீயா கேட்டாயா என்றார். இல்லைங்க, டான்ஸ் சார்தான் கை காட்டினாங்க என்றாள். அக்கா டேப்பை எடுத்துக்கொண்டார். என்னிடம் வந்தார்.

"நீங்க படிக்கறப்ப என்ன வேசம் கட்டுனீங்க, சார்?"

"வேடன்" என்றேன். ஒவ்வொரு வருடமும் வேடன். அதுவரை அது எனக்கு ஒரு செய்தியாகவே தோன்றியதில்லை. நூல் அறுந்திருப்பதைப் பார்த்த மாதிரி தலையாட்டினார். நீங்க என்ன வேஷம் கட்டினீங்க என்று நானும் கேட்டேன். தனக்கு வேஷமே கொடுத்ததில்லை, திரை இழுக்கிற வேலைதான் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து வசனத்தை மாற்றினேன். ஆவேசத்தோடு எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது முதலில் வருவது தமிழ் ராஜா. அவருடைய கப்பல் எல்லாக் கடலிலும் போகும். எண், எழுத்து, மருத்துவம், வானசாஸ்திரம் எல்லாம் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போகும். கிரேக்கரும் ரோமரும் வந்து கும்பிட்டு வாங்கிப் போவார்கள். கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"எல்லாமே இங்கிருந்துதானுங்களா? பாத்தது யாரு?"

வாட்ஸப்பில் வந்த இரண்டு சங்கதியையும் அதில் சேர்த்திருந்தேன். அவர் அதோடு விடவில்லை.

"சரி. எலை எத்தன வேணும்?"

"பழையபடியேதானுங்க."

"யாருக்கு?"

கப்பல் போய் இறங்குகிற தீவில் இருக்கிறவர்களுக்கு என்றேன். அவர்கள்தான் ஓடி வந்து நம் ராஜாவை மண்டி போட்டு வரவேற்பார்கள்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "ஆளுதான் மாறியிருக்குது. எலை அப்படியேதான் இருக்குது, சார். அந்த டிரைவர் புள்ளையும் அங்கயேதான் நிக்கும்."

நான் எழுதிய தாளை மடித்தேன். அவரே அடுத்துக் கேட்டார். கற்காலம் என்று ஒன்று இருந்ததா இல்லையா? இருந்தது என்றேன். யாருக்கு? எல்லாருக்கும்தான் என்றேன்.

"அப்ப எல்லாருக்கும் எலை கட்டுங்க. ராஜா, ராணி, துரை, அத்தன பேருக்கும். அதுக்கப்பறம் அவங்கவங்க துணிய அவங்கவங்க கட்டிக்கிட்டு வரட்டும். வெளக்க யாரும் யாருகிட்டயும் மண்டி போட்டு வாங்க வேண்டாம். இப்படீன்னா துணி தாரேன். இல்லீன்னா வேற கடை பாத்துக்கங்க."

இது சும்மா சொல்கிற பேச்சு இல்லை. எங்கள் பள்ளி ஆர்டர்தான் அவருக்கு அந்த சீசனிலேயே பெரியது. நாங்கள் ஈரோட்டுக் கடைக்குப் போனால் எங்களைப் பார்த்து மற்ற பள்ளிகளும் போகும். அது தெரிந்தும் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். எல்லாருக்கும் இலை என்றால் வாடகை இரட்டிப்பு அல்லவா? அந்த நினைப்பு என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இலைக்கு வாடகை வேண்டாம், பச்சைத் துணி கிடக்கிறது, நானே தைத்துத் தருகிறேன் என்றார். எனக்குக் காது சுட்டது.

தாளாளரிடம் நான் நாகரிகத்தைப் பற்றியெல்லாம் பேசவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறை மேடைக்கு வரும், பெற்றோருக்கு இரண்டு போட்டோ கிடைக்கும் என்றேன். அவருக்குப் பிடித்துப்போனது. மண்டி போடுகிற காட்சியை எடுத்ததைக் கவனிக்கவே இல்லை. போகும்போது மட்டும் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்தக் கடையில உனக்கு ஏதாச்சும் கெடைக்குதா?" இல்லைங்க ஐயா என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

விழா அன்று மேடைக்குப் பின்னால் ஒரே இரைச்சல். நூலை அறுத்து அறுத்துப் பிள்ளைகளுக்கு இலைப் பாவாடை கட்டிவிட்டோம். கிரேக்கச் சிப்பாய், ரோமாபுரி மந்திரி, கப்பல் துரை, எகிப்து ராஜா, சோழ ராஜா, எல்லாரும் பச்சை. அப்போது தாளாளரின் மருமகள் உள்ளே வந்தார். மகள் கையில் இருந்த பாவாடையை வாங்கி என்னிடம் நீட்டினார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"எம் பொண்ணுக்கு இது வேண்டாங்க சார். அவ நேரா கிரீஸ்லயே வரட்டும்."

என் வேலை நிரந்தரம் ஆகிறதா இல்லையா என்று தெரிகிற மாதம் அது. பாவாடையை வாங்கி ஓரமாக வைத்தேன்.

திரை விலகியபோது மேடை முழுக்க இலை. யார் கிரீஸ், யார் ஆப்பிரிக்கா என்று எனக்கே தெரியவில்லை. கீழே வேன் டிரைவர் தன் மகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அடுத்த காட்சியில் அவள் தங்கமும் பட்டுமாக, மணி கோத்த தலைக்கட்டோடு ஆப்பிரிக்க அரசியாக வந்தபோது அவர் கைதட்டவே மறந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கிரீஸ் ராணி தனியாக, விளக்கு வெளிச்சத்தில், இளம்பிள்ளைச் சேலைக் கவுனோடு நேராக வந்தாள். நல்ல கைதட்டல்.

துணிகளைத் திருப்பிக் கொடுக்க மூட்டையோடு சேலம் போனேன். அக்கா ஒவ்வொன்றாக விரித்தார், கழுத்துப் பட்டையை முகர்ந்தார், கொக்கியைப் பார்த்தார். எல்லாரும் கட்டினார்களா என்று கேட்டார். எல்லாரும்தானுங்க என்றேன். முழுப் பொய்யில்லை என்று மனசுக்குள் சமாதானம். அவர் இலைப் பாவாடைகளுக்கு வந்தார். அறுந்த நூல், அறுந்த நூல், அறுந்த நூல். பிறகு கை நின்றது.

ஒரு பாவாடையின் நாடா இரண்டும் சிவப்பு நூலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். இடுப்பு அளவை விரலால் அளந்தார். அளவெடுத்த கைக்கு அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

"அப்ப அவிங்க மட்டும் எலையே கட்டாம நேரா பட்டோட வந்துட்டாங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். எங்கே வைத்தேன் என்பது உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பாவாடையை மட்டும் மடித்து ஒரு மஞ்சள் பையில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"இது இன்னும் திரும்பி வரலைங்க சார். கட்டிட்டுக் கொண்டாரச் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க பள்ளிக்கூடத்துக்கு அடுத்த துணி கெடையாது."

மறுநாள் காலை அந்தப் பையைத் தாளாளர் மேசையில் வைத்தேன். என்ன இது என்றார். கிரீஸ் ராணியோட இலைப் பாவாடைங்க ஐயா, பாப்பா கட்டாததால கடையில வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க என்றேன். அவர் பையைத் திறந்து பார்க்கவில்லை. அதை ஓரமாகத் தள்ளினார். "அந்தப் பொம்பள உனக்கு என்ன தர்றான்னு அன்னிக்கே கேட்டேன்" என்றார். கற்காலம் எல்லாருக்கும் இருந்ததுங்க ஐயா என்று மட்டும் சொல்லத் தோன்றியது. சொன்னேன். மதியம் அலுவலகத்தில் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு போதும் என்றார்கள்.

இப்போது ராசிபுரம் பக்கம் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். உலக வரலாறு எடுக்கும்போது கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, அங்கே நடந்ததை ஒரு பக்கமும் அதே காலத்தில் இங்கே நடந்ததை ஒரு பக்கமும் எழுதுகிறேன். பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கிறார்கள். வகுப்பு முடிய நேரமாகிறது.

வேலை போன வாரத்தில் ஒரு நாள் அந்த மாடிப்படி ஏறினேன். அக்கா ஒரு கிளியின் மூக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேனுங்க."

"பாத்தது யாரு?"

யாரும் இல்லை என்றேன். தாளாளர் அறையில் நானும் அவரும் மட்டும்தான். சாட்சிக்கு ஆள் இல்லை. ஆனால் இனிமேல் அந்தப் பள்ளிக்கு நான் போக வேண்டியதில்லை என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். திரும்பி வந்த துணியைப் பார்ப்பது போல, காலரிலிருந்து செருப்பு வரைக்கும் என்னை நிதானமாகப் பார்த்தார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாற்காலி மேல் கிடந்த யானைத் தலையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காருங்க சாமி" என்றார். டீக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பாவாடை மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.